கத்திரி படாமல் கொண்டுவரச் சொன்ன முடி

எங்கள் சமையலறைச் சுவரில் ஒரு மாதமாக ஒரு தாள் தொங்குகிறது. சேற்றையும் தண்ணீரையும் பார்த்துவிட்டு வருவதற்கான திட்டம் அது. ஜாம்பியாவில் நாங்கள் இருக்கும் மோன்சே என்ற சிற்றூரிலிருந்து லாரியில் சில மணி நேரம் போனால் லோச்சின்வார் தேசியப் பூங்கா. காஃபுவே ஆறு மழைக்காலத்தில் பரந்து நின்றுவிட்டுப் போகிற சதுப்பு வெளி. லெச்வே என்னும் மான்கள் முழங்கால் தண்ணீரில் கூட்டங்கூட்டமாக நின்று மேயுமாம். அதைப் பார்க்க அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், பெயர்ப்பட்டியல் கொடுக்க வேண்டும். எங்கள் ஊரான காஞ்சிபுரத்தைச் சுற்றி எத்தனை ஏரி! மாரிக்காலத்தில் கூழைக்கடா வந்து இறங்கும்போது நின்று பார்க்க எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. ஏரி என்றால் மதகு, பாசனம், மீன் குத்தகை, அதை ஒட்டிய தகராறு. இங்கே ஏரி என்றால் சுற்றுலா. சரி, ஊருக்கு ஊர் வழக்கம் வேறு என்று நானும் தொப்பி தைத்தேன், தண்ணீர் காய்ச்சி வைக்கக் கேன் வாங்கினேன். என் கணவர் இங்கே உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். பள்ளி ஆசிரியர்கள் குடும்பத்தோடு போகும் பயணம். வரமாட்டேன் என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

அந்தப் பழக்கம் இல்லாததுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. இதை எழுதும்போதும் கோபம் ஆறவில்லை.

என் மகள் வள்ளிக்கு அடுத்த மாதம் மூன்று வயது. பிறந்த நாற்பதாம் நாள் அவளுக்கு வந்த காய்ச்சல் இறங்கவே இல்லை. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறிகள் இரண்டு நாள் ஓடவில்லை. என் மாமியார் கூரத்துக்கு அருகில் இருக்கும் எங்கள் குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டு, மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார். பிள்ளை பிழைத்தால் முதல் முடி அந்த அம்மனுக்கு. மொட்டைக்கு நாள் பார்ப்பதற்குள் கணவருக்கு இந்த வேலைக்கான உத்தரவு வந்துவிட்டது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் விடுமுறை. புறப்படும் அன்று அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். “கத்திரி படாம அப்டியே இட்டுக்கினு வாம்மா. நீ படிச்ச பொண்ணு, உனக்கு நான் சொல்லணுமா?” என்றார். இந்த டிசம்பரில் ஊருக்குப் போகிறோம். இடைப்பட்ட காலமெல்லாம் அந்த முடிக்கு எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, இரட்டைப் பின்னல் போட்டுக் காத்தேன். சீப்பில் வருவதைக்கூட ஒரு டப்பாவில் சேர்த்து வைத்தேன். அது அதிகம்தானோ, தெரியவில்லை.

பக்கத்து வீட்டு மிஸஸ் முவீம்பா ஆஸ்பத்திரி நர்ஸ். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் வந்த முதல் வாரமே என்னை ‘பினா வள்ளி’, அதாவது வள்ளியின் அம்மா, என்று கூப்பிடத் தொடங்கியவர். அவருடைய மூன்று பெண்களோடுதான் வள்ளி நாள் முழுவதும் இருப்பாள். கடைசிப் பெண் முடிண்டாவுக்கும் அவளுக்கும் ஒரே வயது. போன புதன்கிழமை மாலை அவர் வந்து சுவரில் இருந்த தாளைப் படித்தார். மலேரியா மாத்திரையைச் சேர்க்கச் சொன்னார். பிறகு வள்ளியின் பின்னலைத் தூக்கிப் பார்த்தார். சதுப்பு ஓரத்துப் புல்லில் உண்ணி அதிகம், இவ்வளவு முடிக்குள் புகுந்தால் கண்டுபிடிக்கவே முடியாது, சனிக்கிழமை தம் பெண்களுக்கு வெட்டும்போது இவளுக்கும் வெட்டிவிடுகிறேன் என்றார்.

நான் பேசவில்லை. தலையைக் குனிந்து நிலக்கடலையை உரித்துக்கொண்டே இருந்தேன். எங்கள் வீட்டில் மூத்தவர்களிடம் மறுப்பதற்கு நான் கற்ற ஒரே முறை அதுதான். அத்தை ஏதாவது சொல்லி, நான் வாய் திறக்காமல் வேலையைத் தொடர்ந்தால், இரண்டு தரம் என் முகத்தைப் பார்ப்பார். “புடிக்கலன்னா வேணாம் வுடு” என்று அவரே எழுந்து போய்விடுவார். மிஸஸ் முவீம்பாவும் எழுந்து போனார். முடிந்தது என்று நினைத்தேன். என் கணவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். வேண்டுதல் அவருக்கும் தெரியும். அவரும் விடைத்தாளிலிருந்து தலை தூக்கவில்லை.

சனிக்கிழமை காலை துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வள்ளி ஓடி வந்தாள். தலையில் விரல் நுனி அளவுக்குத்தான் முடி இருந்தது. உள்ளங்கையால் தடவித் தடவிச் சிரித்தாள். “அம்மா, நானும் முடிண்டா மாதிரி.”

ஈரக்கையோடு அவர்கள் முற்றத்துக்குப் போனேன். நான்கு நாற்காலி, கத்திரி, துடைப்பம். தரையில் ஒரு முடி இல்லை. எங்கே என்று கேட்டேன். மாமரத்தடியைக் காட்டினார். வெட்டிய முடியை வெளியே விட்டால் கெட்ட எண்ணம் உள்ளவர்கள் எடுத்து ஏதாவது செய்துவிடுவார்கள், அதனால் நான்கு பேருடையதையும் ஒன்றாகப் புதைத்துவிட்டேன் என்றார். பத்திரமாக இருக்கும் என்று சொல்லி என் தோளைத் தட்டினார்.

அந்தக் கையைத் தள்ளிவிட்டேன். என் வாழ்நாளில் ஒரு மூத்தவரின் கையை நான் தள்ளியது அப்போதுதான். அது கடவுளுக்கு வைத்த முடி என்று ஆங்கிலத்தில் கத்தினேன்.

“வேண்டாம் என்று ஏன் சொல்லவில்லை?”

“நான் பேசவே இல்லையே. உங்களுக்குப் புரியவில்லையா?”

“நீ பேசவில்லை. அதனால் சரி என்று எடுத்துக்கொண்டேன்” என்றார். அவருக்கும் கோபம். தம் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார வைத்து வெட்டியதற்கா இந்தச் சத்தம் என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் எரிச்சலாக இருந்தது.

களைக்கொத்தை எடுத்து மாமரத்தடியைக் கிளற ஆரம்பித்தேன். ஆகஸ்ட் மாத மண், காய்ந்து கிடந்தது. மேலாகத்தான் புதைத்திருந்தார். நான்கு தலைகளின் முடியும் மண்ணோடு உருண்டு ஒரே பந்தாக வந்தது. தரையில் உட்கார்ந்து நீள முடியை ஒவ்வொன்றாக இழுத்தேன். சற்று நேரம் நின்று பார்த்த மிஸஸ் முவீம்பா எதிரில் வந்து உட்கார்ந்து தாமும் பிரிக்கத் தொடங்கினார். அவர் விரல்கள் என் விரல்களைவிட வேகம். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த முறை அந்த மௌனத்தின் பொருள் இரண்டு பேருக்குமே தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் கணவர், “முடிதானே, வளந்துடும். அவங்க ஆசையாத்தான செஞ்சாங்க, இதுக்குப் போயி கத்திக்கினு” என்றார்.

“நான் வரல” என்றேன். “வள்ளியும் வரமாட்டா. மானெல்லாம் நீங்க போயி பாருங்க. ஹெட்மாஸ்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க.”

அவர் சிறிது நேரம் என்னையே பார்த்தார். அத்தை பார்ப்பதுபோல இரண்டாவது தரமும் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துத் தாளில் இரண்டு பெயர்களை அடித்தார். லாரிப் பயணத்தைப் பற்றி ஒரு மாதமாகக் கனவு கண்ட குழந்தையையும் சேர்த்துத் தண்டித்துவிட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது. தோன்றட்டும்.

அத்தைக்குக் கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன். இந்தக் கட்டுரை அச்சாகி வந்தால் நாத்தனார் அதையும் படித்துக் காட்டுவாள். நடந்ததை மறைக்க மாட்டேன். டிசம்பரில் என் பெட்டியில் ஒரு வெள்ளைத் துணிப் பொட்டலம் வரும். எவ்வளவு பொறுக்கியும் அதில் முடிண்டாவின் சுருட்டை முடி சில ஒட்டிக்கொண்டே இருக்கிறது, கூரத்து அம்மனுக்கு அதுவும் போய்ச் சேரும். மண்ணிலிருந்து எடுக்க முடியாமல் போன வள்ளியின் முடி மோன்சேயில் ஒரு மாமரத்தின் வேரோடு கிடக்கிறது. அதன்மேல் மிஸஸ் முவீம்பா மறுபடி மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்து மூடினார். நானும் பக்கத்தில் நின்று ஒருமுறை மிதித்தேன்.