நெல்லுக்கு நோய் வைக்கும் எழிலரசி

நோய் தீர்ப்பதாகப் போர்டு மாட்டியவர்கள் திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டுவதற்குள்ளேயே ஏகப்பட்ட பேர். நோய் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவர், தெரிந்தவரை, எழிலரசி ஒருவர்தான்.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து காலையில் பஸ் ஏறி, திருவண்ணாமலைக்கு வெளியே இருக்கும் நெல் ஆராய்ச்சிப் பண்ணைக்கு வருவார். பாக்டீரியா கலந்த தண்ணீரில் கத்தரிக்கோலை முக்குவார். நெல் இலையின் நுனியை வெட்டுவார். முக்குவது, வெட்டுவது, அவ்வளவுதான் வேலை. கொஞ்ச நாளில் வெட்டிய இடத்திலிருந்து மஞ்சள் இறங்கி, இலை வைக்கோலாகிவிடும். இலைக்கருகல் என்று அதற்குப் பெயர். கருகாமல் நிற்பதைப் பொறுக்கியெடுத்துப் புது ரகம் உண்டாக்குவார்கள். பயிர் செத்தால் இங்கே யாரும் வருத்தப்படுவதில்லை. நோய் தாங்காது என்று தெரிந்தே ஒப்பிட்டுப் பார்க்க நட்ட வரிசை சாகாவிட்டால்தான் விஞ்ஞானி அருள்ராஜுக்குச் சோறு இறங்காது.

எத்தனை முறை வெட்டினாலும் பச்சையாகவே நின்ற ஒரு வரிசைமேல் எழிலரசிக்குக் கண். பெயர்கூட வைக்காத நெல், வெறும் நம்பர். அடுத்த போகத்துக்கு அந்த விதையில் கொஞ்சம் அவர் கழனியிலேயே போட்டுப் பார்க்கலாம் என்று அருள்ராஜ் சொல்லியிருந்தார்.

அதற்குள் எழிலரசி கழனிக்கு இலைக்கருகல் வந்துவிட்டது. அடுத்த வரப்பு வேடியப்பன் கழனிக்கும்தான். காரணம் கண்டுபிடிக்க வேடியப்பனுக்கு ஆராய்ச்சிப் பண்ணை தேவைப்படவில்லை.

"நாள் பூரா அங்க நோய் வெச்சிட்டு, அதே புடவையோட வந்து இங்க களை புடுங்குற. அப்புறம் வராம இன்னா பண்ணும்?"

ஊருக்கு இது போதுமானதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் களையெடுக்க அவரைக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

கருகிய இலைகளை ஒரு கவரில் போட்டு அருள்ராஜிடம் கொண்டுபோனார் எழிலரசி. பாக்டீரியாவிலும் பல வகை உண்டு, ஊருக்கு ஊர் மாறும், ஒன்றை எதிர்த்து நிற்கும் நெல் இன்னொன்றிடம் படுத்துவிடும் என்றார் அவர். சோதித்தால் இது பண்ணையில் இருக்கும் வகையா, வேறா என்று தெரிந்துவிடுமாம்.

எழிலரசி சந்தோஷமாகத்தான் பஸ் ஏறினார். பாதி வழியில் சந்தோஷம் மட்டும் இறங்கிக்கொண்டது. பண்ணை வகைதான் என்று வந்தால், பச்சை வரிசை விதை தன் கழனியிலும் நிற்கும். ஆனால் நோயைக் கொண்டுவந்தவள் நீதான் என்று ஊர் முடிவு கட்டிவிடும். வேறு வகை என்று வந்தால் பழி போகும். கூடவே விதையும் போகலாம்.

பௌர்ணமிக்குக் கிரிவலம் போனார். வேறு வகையாக இருக்கட்டும் என்று இந்திரலிங்கத்தில் வேண்டினார். அக்னிலிங்கம் வருவதற்குள் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். எமலிங்கத்தில் பழையபடி வேறு வகையே கேட்டார். குபேரலிங்கத்தில் கூட்டம் ஜாஸ்தி. ஒன்றும் கேட்காமல் திருநீறு பூசிக்கொண்டு நகர்ந்தார். அண்ணாமலையார் எந்த மனுவை எடுத்துக்கொண்டார் என்பது அவருக்கே வெளிச்சம்.

வேறு வகை என்றே முடிவு வந்தது. பண்ணை சேர்த்து வைத்திருந்ததில் எதனோடும் அது ஒத்துப்போகவில்லை. அருள்ராஜ் பூரித்துப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் எழிலரசி குடித்தார்.

வேடியப்பன் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "நம்மூரு நோய் அவங்ககிட்டயே இல்லியா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தப் பெருமை அன்று சாயங்காலம் வரை தாங்கியது. பிறகுதான், அப்படியானால் அந்த விதை நம் கழனியில் நிற்குமா என்ற கேள்வி அவருக்கும் வந்தது.

வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். அடுத்த வாரம் பண்ணையில், சொந்த ஊர் பாக்டீரியா கலந்த தண்ணீர்ப் பாத்திரத்தோடு பச்சை வரிசை முன்னால் நின்றார் எழிலரசி. கூடவே பஸ் ஏறி வந்திருந்த வேடியப்பன் வரப்பில் குந்தியிருந்தார்.

"எழிலு, அத்த மட்டும் கொஞ்சம் லேசா வெட்டேன்."

"லேசா வெட்டுனா இங்க நிக்கும், மாமா. நம்ம கழனியில நிக்குமா?"

"அப்ப வெட்டாமயே வுட்டுடேன்."

எழிலரசி கத்தரியை முக்கி எடுத்தார். முதலில் நுனியின் ஓரத்தை மட்டும் பிடித்தார். பிறகு, மற்ற வரிசைகளுக்கு வெட்டும் அதே அளவுக்கு வெட்டினார். வேடியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.