மருந்து என்று நான் சொல்லாதவை

ஆரியசாலையில் நான் வேலை செய்யும் கடையில் ஒரு வழக்கம் உண்டு. மலையாளக் கர்க்கடக மாதம் பிறக்கும் நாளில், அதாவது நம் ஆடி மாதம் தொடங்கும்போது, கடை திறந்ததும் விளக்கேற்றி, அந்த வருஷத்து முதல் லேகியத்தை முதலாளி தன் கையாலேயே உருட்டி எங்கள் உள்ளங்கையில் வைப்பார். வரிசையில் நின்று வாங்கி அவர் முன்னாலேயே வாயில் போட வேண்டும். அதன் பிறகுதான் முதல் டின் விற்பனைக்குப் போகும். மழைக்காலத்தில் உடம்புக்கு மருந்து சாப்பிடுவது இந்த ஊர் முழுக்க உள்ள பழக்கம். பத்தொன்பது வருஷம் நானும் கை நீட்டினேன். இந்த வருஷம் நீட்டவில்லை.

எங்களுடையது மூலிகைச் சரக்கு மொத்தமாக விற்கும் கடை. கடுக்காய், திப்பிலி, நன்னாரி வேர், சுக்கு. நான் தராசு பார்க்கிறவன். சரக்கு வந்து இறங்கினால் சாக்கைப் பிரித்து ஒரு துண்டை எடுத்து மென்று பார்ப்பதும் என் வேலை. போன வருஷத்துச் சரக்கா, பூச்சி விழுந்ததா, ஈரம் ஏறியதா, எல்லாம் நாக்கு சொல்லிவிடும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அந்த நாக்குதான் படிப்பு. பேச்சு எனக்கு வராது. யாராவது உரக்கக் கேட்டால் தராசுத் தட்டைப் பார்த்துச் சிரிப்பேன். அதையே பதிலாக எடுத்துக்கொள்வார்கள்.

சர்க்கரை வியாதி வந்து பதினாறு வருஷம் ஆகிறது. காலையிலும் இரவிலும் இன்சுலின் ஊசி. மூன்று வருஷத்துக்கு முன் சிறுநீரகமும் கெட்டுவிட்டது என்றார்கள். ஐந்தில் ஒரு பங்குதான் வேலை செய்கிறது, அதைக் காப்பாற்றிக்கொண்டால் டயாலிசிஸைத் தள்ளிப்போடலாம் என்றார் டாக்டர். இடது கையில் யாரையும் ஊசி குத்த விடாதே, அந்தக் கையால் பாரம் தூக்காதே, நாளைக்கு மெஷினில் இணைக்க அந்தக் கையின் நரம்பு வேண்டும் என்றும் சொன்னார். வாரத்தில் மூன்று நாள் மெஷினில் படுக்கிறவனைத் தராசில் யார் நிறுத்துவார்கள்? வேறு வேலை எனக்குத் தெரியாது. அந்த ஐந்தில் ஒரு பங்கை வைத்துத்தான் நானும் என் மனைவியும் இந்த ஊரில் இருந்தோம்.

மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போவேன். டாக்டர் தவறாமல் ஒன்றைக் கேட்பார். "வேறெ மருந்து வல்லதும் கழிக்குன்னுண்டோ?" வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாயா என்று அர்த்தம்.

"இல்ல" என்பேன்.

பொய் சொல்லவில்லை. மருந்து என்றால் அவர் சீட்டில் எழுதிக் கொடுப்பது. கடையில் தினமும் இரண்டு ஸ்பூன் சாப்பிட்ட சர்க்கரை வியாதிக்கான சூரணம் எங்கள் சரக்கு. நான் எடை போட்டது, நான் டின்னில் அடைத்தது. அதை எப்படி மருந்து என்று சொல்வேன்? மீன் விற்கிறவன் வீட்டில் மீன் குழம்பு வைப்பதுபோலத்தான் அது எனக்கு. எங்கள் கடையில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். களைப்பாக இருக்கிறது என்றபோது மெடிக்கல் ஸ்டோரில் சீட்டு இல்லாமலே கொடுத்த, தண்ணீரில் போட்டால் நுரைக்கும் வைட்டமின் மாத்திரை எனக்கு ஆரஞ்சு சோடா மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர் தந்த புரோட்டீன் பவுடர் பாலில் கலக்குவது. உப்போ சமையல் சாமான்.

அந்த உப்பைக் கொண்டுவந்தவள் என் மனைவி. உப்பைக் குறை என்று டாக்டர் சொன்னதிலிருந்து, உப்பில்லாத குழம்பை நான் விழுங்குவதைப் பார்த்து அவள் நொந்துபோயிருந்தாள். ஒரு நாள் பெரிய கடையிலிருந்து பாக்கெட் ஒன்றோடு வந்தாள்.

"ஏங்க, இது கெடுதல் இல்லாத உப்பாம். இந்தா பாருங்க, இருதயம் படம் போட்டிருக்கு. சோடியம் கம்மியாம். தைரியமா போட்டுக்கிடலாம்னு அந்தக் கடைப் பிள்ளை சொல்லிச்சு."

லேசாகக் கசந்தது. விலை கூடின உப்பு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் அன்றைக்குச் சந்தோஷமாகச் சாப்பிட்டோம்.

போன வருஷம் ஐப்பசி மழையில் ஒரு முற்பகல், கடுக்காய் நிறுத்துக்கொண்டிருந்தேன். தராசின் எண் இரண்டிரண்டாகத் தெரிந்தது. சட்டை வேர்வையில் நனைந்து, சாக்குக் குவியல் மேலேயே சரிந்துவிட்டேன். கண் விழித்தபோது வாய் முழுக்க இனிப்பு. முதலாளி என் கடைவாயில் லேகியத்தைத் திணித்துக்கொண்டிருந்தார்.

"ஏல, முழுங்கு. முழுங்குல!" பிறகு கூடி நின்றவர்களைப் பார்த்து, "பாத்தியளா? நம்ம லேகியம்லா எழுப்பிச்சு! இன்னும் அரை டின்னு குடுத்தா பழவங்காடிக் கோயில் வரைக்கும் ஓடுவான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து நான் அந்தக் கடையின் விளம்பரப் பலகை. யார் வந்து சர்க்கரை என்று சொன்னாலும் முதலாளி என்னைக் காட்டுவார். "இந்தா நிக்கான் பாருங்க, போன உயிரு. சூரணமும் லேகியமும்தான் இவன நிப்பாட்டியிருக்கு. வேணும்னா அவங்கிட்டயே கேளுங்க." நான் தட்டைப் பார்த்துச் சிரிப்பேன். டின் விற்றுவிடும். ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: என் சிரிப்பினால் எத்தனை டின் போயிற்று என்று எனக்குத் தெரியாது.

அடுத்த மாத ரத்தப் பரிசோதனையில் டாக்டரின் முகம் மாறியது. உடனே இ.சி.ஜி. எடுத்து, வீட்டுக்கு விடாமல் இரண்டு நாள் வார்டில் படுக்கவைத்தார்கள். பொட்டாசியம் ஏறியிருந்தது. சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியாட்டினினும் கூடியிருந்தது. இப்படியே போனால் சீக்கிரமே மெஷின்தான் என்றார் டாக்டர். பொட்டாசியம் உள்ள பழம் சாப்பிடுகிறாயா, இளநீர் குடிக்கிறாயா என்று கேட்டார். இரண்டையும் நான் எப்போதோ விட்டிருந்தேன். அவருக்குப் பிடிபடவில்லை. எனக்கும்தான்.

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் இடத்தில் ஒரு பெண் இருந்தார். எல்லையோரப் பாறசாலைக்காரர், மகள் வயது இருக்கும், தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். அவர்தான் கட்டில் பக்கம் வந்து சொன்னார். "அண்ணா, ஒரு காரியம் செய்யணும். வாயில போகுற எல்லாத்தையும் ஒரு பையில போட்டு வீட்டில இருந்து எடுத்து வரச் சொல்லணும். மருந்தா இல்லையான்னு பார்க்க வேண்டா. பொடியோ, உப்போ, மிட்டாயோ, எல்லாம். மனசிலாச்சா?"

மறுநாள் என் மனைவி ஜவுளிக்கடைப் பையில் எல்லாவற்றையும் கொண்டுவந்தாள். அந்தப் பெண் ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். வைக்க வைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவா?

உப்புப் பாக்கெட்டைத்தான் முதலில் திருப்பினார். பின்பக்கத்தில் எறும்பு மாதிரி எழுத்து. "சோடியத்தைக் குறைச்சிட்டு அதுக்குப் பதிலா பொட்டாசியம் சேர்த்திருக்கு அண்ணா. நல்ல கிட்னி அதை வெளிய தள்ளிரும். உங்களுக்குத் தள்ளாது. கூடிக் கூடி ஹார்ட்டை நிறுத்திரும்."

என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "நானா போட்டேன்? என் கையால நானா போட்டேன்?"

"சேச்சி கரையண்டா, அழாதீங்க. பாக்கெட்டில இருதயம் படம் போட்டா யாருதான் வாங்க மாட்டாங்க?"

நுரைக்கும் மாத்திரை ஒவ்வொன்றிலும் நிறைய சோடியம் இருக்கிறது, அதிலுள்ள வைட்டமின் சி அளவு கூடினால் ஆக்ஸலேட் உப்பாக மாறிச் சிறுநீரகத்தில் போய்ப் படியும் என்றார். புரோட்டீன் எவ்வளவு வேண்டும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்று பவுடரை ஒதுக்கினார். கடைசியில் எங்கள் டின்னை எடுத்தார்.

"இதில எந்தொக்க உண்டு?"

"பதினெட்டு மூலிகை."

"எந்தப் பதினெட்டு?"

பன்னிரண்டு சொன்னேன். மீதி ஆறும் வெளியிலிருந்து பொடியாகவே வரும். பொடியை ருசித்து இன்னது என்று சொல்ல என் நாக்குக்குத் தெரியாது. டின் மேலும் எழுதியிருக்கவில்லை.

"இதெல்லாம் இயற்கைதானே மேடம்" என்றேன். அவ்வளவு பேசியதே எனக்கு அதிகம்.

"ஒதளங்காயும் இயற்கைதான் அண்ணா. திங்க முடியுமா?"

ஒதளங்காய் இங்கே ஓடை ஓரமெல்லாம் காய்த்துக் கிடக்கும் விஷக்காய். பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். சிறுநீரகம் தளர்ந்தால் போட்ட இன்சுலின் சீக்கிரம் கரையாது, உடம்பிலேயே தங்கிக்கிடக்கும். அதோடு சர்க்கரையை இறக்குகிற பொடியும் சேர்ந்தால் ஆள் விழாமல் என்ன செய்வான்? லேகியம் என்னை எழுப்பியது அதிலிருந்த வெல்லத்தால். ஒரு கை சீனி போட்டிருந்தாலும் எழுந்திருப்பேன்.

எல்லாமே விஷம் என்று அவர் சொல்லவில்லை. டாக்டர் எழுதிய இரும்புச்சத்து மாத்திரையைப் பைக்குள் திருப்பி வைத்தார். "புதுசா எது கிடைச்சாலும் முதல்ல இங்க காட்டணும். பிறகு வாயில. அதே சமயம் ஊசியை நீங்களா கூட்டவோ குறைக்கவோ கூடாது." டாக்டர் இன்சுலின் அளவைக் குறைத்து எழுதினார். அன்றிலிருந்து அந்தப் பையோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். இரண்டு மாதத்தில் பொட்டாசியம் இறங்கியது. கிரியாட்டினின் மேலே ஏறாமல் நின்றது.

கடையில் நான் சூரணத்தை நிறுத்தியதை யாரும் கவனிக்கவில்லை. கர்க்கடகம் பிறந்தது. விளக்கேற்றி முதலாளி வந்தார். எனக்கு முன்னால் நான்கு பேர் வாங்கினார்கள். என் முறை வந்தபோது வலது கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"கைய நீட்டுல."

"வேண்டாம் மொதலாளி."

மூட்டை தைக்கிறவன் பின்னாலிருந்து, "அண்ணாச்சிக்கு இனிமே இங்கிலீஷ் லேகியம்தான் எறங்கும் போல" என்றான். சிரிப்பு. காது சூடாகியது. இத்தனை வருஷம் அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் எல்லாவற்றையும் விழுங்கியிருக்கிறேன்.

"வெளக்கு முன்னால வச்சு வேண்டாங்கிற. உன்ன எழுப்பினதே இதுதாம்ல, மறந்துட்டியா?"

"எழுப்பினது வெல்லம் மொதலாளி. விழ வச்சது சூரணமும் ஊசியும் சேந்து."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த உருண்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார். நம்பித்தான் சாப்பிடுகிறார் மனிதர். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அன்று உச்சிப் பொழுதில் ஒரு பெண் வந்தார். கணவருக்குச் சர்க்கரை, சூரணம் வேண்டும் என்றார். பழக்கத்தில் முதலாளி, "இவங்கிட்டக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். தட்டைப் பார்க்கவில்லை நான்.

"சேச்சி, அவருக்குக் காலில நீரு, வீக்கம் உண்டோ? கிட்னி பரிசோதிச்சோ?"

"நீருண்டு. கிட்னி... அறியில்ல."

"அது முதல்ல பாக்கணும். டின்னை வாங்கினாலும் பிரிக்காம டாக்டர்கிட்ட காட்டணும். நான் காட்டாம சாப்பிட்டு விழுந்தவன்."

அவர் வாங்காமலே போனார்.

"நீ நாளையிலேருந்து குடோனுக்குப் போ" என்றார் முதலாளி. "முன்கடையில ஒனக்கு வேலை இல்ல."

குடோன் என்றால் மூட்டை தூக்குவது. இடது கையை அவருக்கு நேராக நீட்டிக் காட்டினேன். "இதுல பாரம் தூக்கக் கூடாது மொதலாளி. நான் தராசுக்காரன். தராசு இங்கதான் இருக்கு. நானும் இங்கதான் இருப்பேன். வேண்டாம்னா கணக்கைத் தீத்து அனுப்புங்க."

அனுப்பவில்லை. மென்று பார்த்து ஈரச் சாக்கைத் திருப்பி அனுப்புகிற இன்னொரு ஆள் அவருக்கு உடனே கிடைக்க மாட்டான். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. டின்கள் இன்னும் அதே அலமாரியில்தான் இருக்கின்றன. ஆனால் யாரும் என்னைக் காட்டி விற்பதில்லை. என்னிடம் கேட்கிறவர்களிடம் நான் கிட்னியைப் பற்றித் திருப்பிக் கேட்கிறேன், உரக்கவே.

மெஷின் ஒரு நாள் வரும் என்று டாக்டர் சொல்லித்தான் இருக்கிறார். வந்தால் வரட்டும். இடது கையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். வலது கையை நீட்டி வாங்கித் தின்று அந்த மெஷினை நானே சீக்கிரம் வரவழைக்க மாட்டேன்.