நாலு கட்டையில் கிடைத்த அருள்

செந்தூர் முருகனை நம்பியிருக்கும் உங்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. எனக்கு ஒரு சமயம் தொண்டை போனது. சளியால் அல்ல, பொறாமையால்.

நான் சிவகாமி, பாளையங்கோட்டை. கிருத்திகைதோறும் கோயிலில் எங்கள் பஜனைக் குழு பாடும். பல வருஷம் நான்தான் முன்பாட்டு. பிறகு என் கொழுந்தனுக்குக் கல்யாணமாகி மலர் வந்தாள். சீர்வரிசையோடு ஒரு சுருதிப்பெட்டியும் வந்தது. அதை அவள் குரலுக்கேற்ப அஞ்சரைக் கட்டையில் வைத்திருந்தாள். கட்டை ஏற ஏறக் குரலும் மேலே போக வேண்டும். அன்றிலிருந்து குழுவே அஞ்சரையில் பாடியது, நானும் எட்டிப் பிடித்துப் பாடினேன். கேட்டவர்கள் எல்லாம் மலரைத்தான் மெச்சினார்கள். என் வயிறு எரிந்தது.

கேபிள் டி.வி. எங்கள் தெருவுக்கு வந்த புதிது. ஒரு சேனலில் பாட்டுப் போட்டி அறிவித்தார்கள். பாடிய கேசட்டை அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் திருநெல்வேலியில் நேரில் பாட வைப்பார்கள். அதில் தேறினால் சென்னையில் படப்பிடிப்பு. இரண்டு பேருமே அனுப்பினோம், இரண்டு பேரையுமே கூப்பிட்டார்கள். எனக்கு மட்டும் வந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

ஜங்ஷன் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். சேலையில் நம்பர் குத்தி வரிசையில் நிறுத்தினார்கள். கீபோர்டுக்காரர் சுருதி கேட்பார், சொன்னதும் எடுத்துக் கொடுப்பார். எனக்கு முன்னால் நின்ற மலர் அஞ்சரை என்றாள், பாடினாள், தேறினாள். என்னைக் கேட்டதும் நானும் அஞ்சரை என்றேன். அவளைவிடக் குறைத்துச் சொல்ல எனக்கு என்ன தலையெழுத்து?

பல்லவி தப்பித்தது. சரணத்தில் குரல் உடைந்து காற்றுதான் வந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். நடுவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு தடவை பாடச் சொன்னார்கள். அதிலும் உடைந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மண்டபத்தின் பின்னால் குழாயடியில் நின்று அழுதேன். தொண்டை ரணமாக இருந்தது. முருகா, இவள் முன்னால் என்னை அசிங்கப்படுத்தாதே, உன் சந்நிதிக்கு நடந்தே வருகிறேன் என்று வேண்டினேன். கூடவே, இவள் சென்னையில் சறுக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். கடவுளிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது?

கண்ணைத் திறந்தால் எதிரே மலர், கையில் வெந்நீர் பிளாஸ்க்.

"யக்கா, ஒண்ணு சொன்னா கோவிக்கப்பிடாது. அடுப்படியில தனியாப் பாடுதப்போ உங்க சத்தம் நாலு கட்டையிலதான் நிக்கு. அவ்வளவு நல்லாருக்கும். நாலுன்னு சொல்லுங்க."

"இத்தன நாளா ஏன்ட்டி சொல்லல?"

"நான் மட்டந்தட்டுதேன்னு நெனப்பிய."

நினைத்திருப்பேன். அன்றுகூட நினைத்தேன். முருகா, நான் உன்னிடம்தானே கேட்டேன், இவள் கையிலா கொடுத்துவிட வேண்டும் என்று அவன் மேல் கோபம் வந்தது. ஆனாலும் வெந்நீரைக் குடித்தேன்.

என் முறை வந்தது. கீபோர்டுக்காரர் கேட்டார். நாக்கு அஞ்சரைக்குத்தான் போனது. இழுத்துப் பிடித்து "நாலு" என்றேன். பாட ஆரம்பித்ததும் எனக்கே ஆச்சரியம். எங்கும் எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. இதுதான் என் குரல் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தேறிவிட்டேன்.

சென்னையில் நான் முதல் சுற்றோடு ரயிலேறினேன். அவள் இன்னும் இரண்டு சுற்று தாண்டினாள். அதை டி.வி.யில் தெருவே கூடிப் பார்த்தது. எனக்கு வயிறு எரியத்தான் செய்தது. ஆனால் அவள் பாடப் பாட என் கை தானாகத் தாளம் போட்டது.

நேர்ந்தபடி திருச்செந்தூருக்கு நடந்தேன். கூட வரும்படி மலரை நான்தான் கூப்பிட்டேன். இப்போது பஜனையில் முதல் பாட்டு அஞ்சரையில். பிறகு நான் கேட்காமலேயே பெட்டியை நாலுக்கு மாற்றி என் பக்கம் தள்ளிவைக்கிறாள்.

பொறாமை ஒழிந்ததா என்று கேட்பீர்கள். சில கிருத்திகைகளில் இன்னும் எட்டிப் பார்க்கிறது. அப்போதெல்லாம் அந்த வெந்நீர்தான் ஞாபகத்துக்கு வரும்.

உங்களுக்கும் ஒரு குறை இருந்தால் அவனிடம் கேளுங்கள், கட்டாயம் தருவான். யார் கையில் கொடுத்தனுப்புகிறான் என்று மட்டும் பார்க்காதீர்கள். வாங்கிக்கொள்ளுங்கள்.