நானாவும் சென்ட்ரிஃபியூஜும்

பழைய ஆய்வுகூடக் கருவிகளை வாங்கி, புதுசு போலாக்கி விற்பது எங்கள் தொழில். கடை கட்டுகஸ்தோட்டை வீதியில். கழற்றிப் பூட்டுவது நான். வெளித்தோற்றம் முழுக்க என் கூட்டாளி நானாவின் பொறுப்பு. முன்பு கார் கழுவும் இடம் வைத்திருந்தவர். எதையும் பளபளப்பாக்காமல் விட மாட்டார்.

பேராதனையிலிருந்து ஒரு சென்ட்ரிஃபியூஜ் வந்தது. இரத்தம் நிரப்பிய சிறு கண்ணாடிக் குழாய்களை வேகமாகச் சுழற்றி, இரத்தத்தைப் பிரிக்கும் இயந்திரம். மோட்டாரை நான் சரிசெய்தேன், நானா பெயின்ட் அடித்தார். வாங்குபவர் வரவிருந்த காலையில் நான் கைகழுவப் போன நேரத்தில், நானா ஒரு குழாயில் பால் விடாத பிளேன்டீயை ஊற்றி வைத்து, தானே ஓட்டிப் பார்த்தார். எதிர்ப்பக்கம் அதே கனத்தில் இன்னொரு குழாய் வைக்காவிட்டால் அது ஆடும். ஆடினாலும் இயந்திரத்தின் ரப்பர் கால்கள் பிடித்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கால்களுக்கும் நானா டயர் பொலிஷ் பூசியிருந்தார்.

நான் ஓடி வந்தபோது இயந்திரம் மேசையின் மேல் வழுக்கிக்கொண்டு வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. நானா அதைக் கட்டிப்பிடித்திருந்தார்.

"த-த-தம்பி, நி-நி-நிப்பாட்டுங்க!"

பிளக் அலுமாரிக்குப் பின்னால். நான் அலுமாரியைத் தள்ளிக்கொண்டிருக்கையில் வாங்குபவர் உள்ளே வந்தார். கம்பளையில் இரத்தப் பரிசோதனைக்கூடம் நடத்தும் யாழ்ப்பாணத்துப் பெண்மணி.

"இவர் என்ன செய்யிறார்?"

"கடைசியா ஒரு தடவ பொலிஷ் பண்றாருங்க மிஸ்," என்றேன். வேறு பொய் வாய்க்கு வரவில்லை.

அவர் சுவரைப் பார்த்தார், மெயின் சுவிட்சை அணைத்தார். இயந்திரம் மெல்ல ஓய்ந்தது. நானா இன்னும் கொஞ்ச நேரம் நடுங்கினார்.

"புதுசு மாதிரி எண்டு சொன்னனீங்கள்?"

"புதுசுண்டா துடிப்பாத்தானே மிஸ் ஈக்கும்," என்றார் நானா.

கால்களைச் சவர்க்காரம் போட்டுத் துடைத்து, இரண்டு பக்கமும் தண்ணீர்க் குழாய் வைத்து மறுபடி ஓட்டினேன். அவர் கைப்பையிலிருந்து ஒரு சில்லறைக் காசை எடுத்து மூடியின் மேல் நிமிர்த்தி வைத்தார். காசு நின்றது. நானா கைதட்டப் போனார். அந்தக் காற்றில் காசு விழுந்துவிடும் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஓம், கொண்டு போறன்," என்றார் அந்தப் பெண்மணி.

தன் காரின் முன் சீட்டில் சென்ட்ரிஃபியூஜை வைத்து பெல்ட்டும் போட்டார். பொருத்திக் கொடுக்கப் போன நானாவுக்குப் பின் சீட்டில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் இடம் கிடைத்தது. ஜன்னலால் தலையை நீட்டி, "தம்பி, பாத்தீங்களா? எனக்கு பெல்ட் இல்ல," என்றார்.