சமத்து நாயின் கொட்டாவிக் கணக்கு

மந்தைவெளியில் எங்கள் தெருமுனைச் சலூனில், முடி வெட்டி முடித்ததும் இரண்டு நிமிடம் தலையைப் பிடித்துவிடுவார்கள். அன்றைக்கு அது மூன்றாவது, நான்காவது நிமிடத்துக்கும் ஓடியிருக்க வேண்டும். மடியில் போன் அடித்ததாம். எனக்குக் கேட்கவே இல்லை.

"இன்னா பாஸு, தூங்கிட்டியா? போன் அட்ச்சிகினே கீது பாரு," என்று தோளைத் தட்டினான் முடி வெட்டுகிறவன். என் வயதுதான் அவனுக்கும். கோடம்பாக்கத்திலிருந்து பைக்கில் வந்துபோகிறவன்.

பார்த்தால் வீட்டுக்காரர். எனக்கு வாடகைக்கு விட்டுவிட்டு கே.கே. நகரில் இருக்கிறார். ஒரு மாதமாக அவர் பெயர் திரையில் வந்தாலே இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுவேன். அன்றைக்கு அவர் இரண்டு முறை கூப்பிட்டும் நான் கண்ணை மூடிக் கிடந்திருக்கிறேன். நாற்காலியை விட்டு இறங்குவதற்குள் தோன்றிவிட்டது: நாலு நிமிடம் தலையில் கை வைத்ததற்கு எனக்கே வீட்டுக்காரர் மறந்துபோகிறார் என்றால், நாய்க்கு ஏன் வேலை செய்யாது?

பிரச்சினையே நாய்தான். ஒரு மழை நாளில் தரமணியில் எங்கள் ஆபீஸ் பார்க்கிங்கில் ஒதுங்கியவளை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். செம்பட்டை நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். நான் காலையில் கதவைப் பூட்டியதும் குரைக்க ஆரம்பிப்பாள். கீழ் வீட்டு மாமி ஆஸ்திரேலியாவில் இருக்கும் குழந்தைகளுக்கு ஆன்லைனில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவர்.

"நான் பஞ்சமம் பிடிக்கறச்சே அது மேல் ஷட்ஜத்துல ஊளையிடறது. அந்தக் கொழந்தை அதைக் கேட்டுண்டு அப்படியே திருப்பிப் பாடறதுப்பா," என்றார் ஒருநாள். சிரிப்பதா மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் நின்றேன்.

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். நாய்க்கு வேற எடம் பாருங்க, இல்ல நீங்க வேற எடம் பாத்துக்குங்க." என் நண்பர்கள் எல்லாரும் நாயைக் கொஞ்ச வருவார்கள், வைத்துக்கொள்கிறாயா என்று கேட்டால் அம்மாவுக்கு அலர்ஜி என்பார்கள். அவளுக்கு வேறு இடம் என்றால் அந்த பார்க்கிங்தான்.

அன்று சாயங்காலமே பாண்டி பஜார் போனேன். கடைக்காரர், "என்ன ப்ரீட் தம்பி?" என்றார். "தரமணி," என்றேன். அப்படி ஓர் இனம் இருப்பதைப்போலவே தலையை ஆட்டிவிட்டு, குட்டை முடிக்கு இதுதான் என்று கையில் அடங்கும் ரப்பர் பிரஷ் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ராத்திரி சாப்பிடும்போது கிடைத்ததையெல்லாம் படித்தேன். மெதுவாக, முடி போகும் திசையில், கழுத்தடியிலும் நெஞ்சிலும் தேய்த்துவிட்டால் நாயின் பதற்றம் அடங்கலாம், இதயத் துடிப்புகூடக் குறையலாம் என்று போட்டிருந்தது. எனக்கு அந்த 'லாம்' கண்ணில் படவில்லை.

மறுநாளிலிருந்து தினமும் காலை எட்டேகாலுக்கு உட்கார்ந்துவிடுவேன். பதினைந்து நிமிடம். பிறகு ஷூ, பை, பூட்டு, ரயில். ஒரு நோட்டும் போட்டேன். அதில் முக்கியமான கட்டம் கொட்டாவி. கொட்டாவி விட்டால் தூக்கம் வருகிறது, தூக்கம் வந்தால் நிம்மதி. பாயை விரிக்க வேண்டியதுதான். எங்கள் வீட்டில் வேறு அர்த்தமே கிடையாது. முதல் நாள் இரண்டு. நாலாம் நாள் ஐந்து. 'நல்ல முன்னேற்றம்' என்று அடிக்கோடிட்டேன். அவளும் அசையாமல் நிற்பாள். வெட்கப்படுகிற மாதிரி முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

மூன்றாவது வாரம் குரைப்பு நின்றது.

மாமி மாடிப்படியில் என்னை நிறுத்தினார். "உன் நாய் சமத்தாயிடுத்துப்பா. ஆத்துல இருக்கா இல்லையான்னே தெரியலை."

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "வெரி குட். அப்படியே மெயின்டெயின் பண்ணுங்க," என்றார், ஏசி சர்வீஸ் முடிந்ததைப்போல. அன்று ரயிலில் ஜன்னலோரமாக நின்று தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அவள் எழுந்து வந்தாள், வாலை ஆட்டினாள், எல்லாம் சரி. தரையில் கால் வைத்த இடத்தில் ஈரமாக ஒரு தடம். முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தேன். விரல் நடுவே முடியெல்லாம் நனைந்து, துருப்பிடித்த நிறத்தில் இருந்தது. உள்ளே தோல் சிவந்திருந்தது. அவள் படுக்கும் சாக்கைத் தொட்டேன். அதிலும் ஒரு மூலை நனைந்திருந்தது. பகல் முழுக்க நக்கியிருக்கிறாள்.

அடையாறில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தார். உண்ணி இல்லை, காயம் இல்லை.

"பகல்ல தனியா இருக்காளா?"

"ஆமா டாக்டர். முன்னாடி குரைப்பா. இப்ப நிறுத்திட்டா."

"நிறுத்திட்டு என்ன பண்றா?"

அந்தக் கேள்வி எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. பதிலுக்கு நோட்டை நீட்டினேன். "தினம் ப்ரஷ் பண்றேன். பாருங்க, எவ்வளவு கொட்டாவி. நல்லா ரிலாக்ஸ் ஆகுறா."

அவர் இரண்டு பக்கம் புரட்டினார். "அப்போ மூஞ்சியத் திருப்புவாளா? உதட்டை நக்குவாளா?"

"திருப்புவா. வெக்கம்னு நெனச்சேன்."

"தூக்கம் வந்தாலும் கொட்டாவி விடும். பிடிக்கலைன்னாலும் விடும். பயத்துல அசையாம நிக்கறதும் உண்டு."

"அப்ப இவ எது டாக்டர்?"

"எனக்கெப்படித் தெரியும்? கூட இருக்கறது நீங்க. காலை ஈரமில்லாம வெச்சுக்குங்க, ரெண்டு வாரம் கழிச்சுக் காட்டுங்க."

ஆட்டோவில் வரும்போது நோட்டைத் திரும்பத் திறந்தேன். அதே எண்கள்தான். 'நல்ல முன்னேற்றம்' என்று நான் கோடு போட்ட நாள்தான் அவள் அதிகமாகத் தவித்த நாளோ? அப்படியென்றால் குரைப்பு ஏன் குறைந்தது? தவிப்பு கூடினால் குரைப்பும் கூட வேண்டாமா? பக்கத்தில் அவள் என் முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டு காற்று வாங்கினாள். அதுவும் நிம்மதியா, வேறு வழியில்லாததா என்று இப்போது சந்தேகம் வந்துவிட்டது. ஒரு சந்தேகம் வந்தால் நாயின் எல்லா உறுப்புமே இரண்டு அர்த்தம் சொல்கிறது.

இரண்டு நாள் பிரஷ்ஷைத் தொடவில்லை. முதல் நாள் சத்தமே இல்லை என்றார் மாமி. இரண்டாம் நாள் இரண்டு தடவை குரைத்தாளாம். கால் இரண்டு நாளுமே ஈரம். இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்வது? எனக்குப் பிடிபடவில்லை. தாடியை ஒதுக்குகிற சாக்கில் சலூனுக்குப் போய்ப் புலம்பினேன்.

"நீ எப்ப பாஸு அத்த தேய்க்கிற?" என்றான் அவன், கத்தரியை நிறுத்தாமல்.

"காலைல. ஆபீஸ் கெளம்புறதுக்கு முன்னாடி."

சிரிக்க ஆரம்பித்தான். "மாமியார் வூட்டுக்குப் போறப்ப மட்டும் ஷேவிங்குக்கு வர்ற நைனா ஒர்த்தர் கீறாரு. நொரைய வெச்ச ஒடனே மூஞ்சி தொங்கிடும். என் கை மேல இன்னா தப்பு, நீயே சொல்லு?"

நானும் சிரித்தேன். தெரு தாண்டுவதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. எட்டேகால், பிரஷ், ஷூ, பை, பூட்டு. இருபது நாளுக்கு மேல், ஒருநாள்கூடத் தவறாமல், பிரஷ்ஷுக்குப் பிறகு நான் காணாமல் போயிருக்கிறேன். அவளைப் பொறுத்தவரை அது பிரஷ்ஷா, கதவு சாத்தும் மணியா?

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, லுங்கியோடு தரையில் உட்கார்ந்து பிரஷ்ஷை எடுத்தேன். படுத்திருந்தவள் எழுந்தாள். வழக்கமான இடத்தில், வழக்கமான மாதிரி வந்து நின்றாள். அவளுக்கு ஞாயிறு தெரியாது. ஒரு கொட்டாவி. பிறகு என்னைப் பார்க்கவில்லை, செருப்பு ஸ்டாண்டைப் பார்த்தாள். பத்துத் தடவை மெல்ல இழுத்துவிட்டு நிறுத்தினேன். நேரே போய்க் கதவுக்கு முன்னால் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

நான் போகவில்லை. வெகுநேரம் அப்படியே இருந்தோம். பிறகு திரும்பி வந்து என் பாதத்தை மோந்தாள். பிரஷ்ஷைத் தள்ளி வைத்துவிட்டு, மடிந்த காதுக்குக் கீழே நகத்தால் சொறிந்தேன். உடம்பின் முழு பாரத்தையும் என் மேல் சாய்த்தாள். அப்பாடா என்று நினைக்கும்போதே இன்னொரு கொட்டாவி விட்டாள். இதை எந்தப் பக்கம் எழுத?

சாயங்காலம் மாமியிடம் போய், மறுபடி குரைப்பு வரலாம் என்று சொல்லிவிட்டேன்.

"இவ்ளோ நாள் அடக்கிட்டு இப்போ குரைக்க வைக்கப் போறேங்கறயா?"

"குரைக்க வைக்கல மாமி. சத்தம் போடாம இருக்குறதும் நல்லா இருக்குறதும் ஒண்ணுதானான்னு பாக்கணும்."

"எங்கிட்ட ஒரு கொழந்தை வரது. க்ளாஸ்ல வாயே தொறக்காது. அதோட அம்மா சமத்து, சமத்துங்கறா. நேக்கு அது கத்துக்கறதா இல்லையான்னே தெரியலை." பிறகு, "ஒரு வாரம். அந்த வீட்டுக்கார மனுஷர்ட்ட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா பத்துலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் குரைக்கப்படாது."

"அதை அவகிட்ட எப்படி மாமி சொல்றது?"

"அதான் நோட்டு வெச்சிண்டிருக்கியே, எழுதிக் காட்டு."

கொட்டாவிக் கட்டத்தை அடித்துவிட்டேன். நாளைக் காலை பிரஷ் அவள் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கும்; நான் அதைத் தொடாமலே கிளம்புவேன். போனை வீடியோ எடுக்கப் போட்டு அலமாரி மேல் வைத்துவிட்டுப் போவேன். நான் இல்லாத பகலை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். திரும்பி வந்து, ஷூவைக் கழற்றி, எங்கேயும் போகப்போவதில்லை என்று ஆன பிறகுதான் பிரஷ். ஐந்து இழுப்புக்கு ஒருமுறை கையை எடுத்துவிடுவேன். அவளாக முகத்தைக் கொண்டுவந்து இடித்தால் தொடர்வேன். இடிக்காவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பேன். ஒரு வாரத்துக்குப் பிறகு கால் காய்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன்.