அந்தக் கோர்ட் இல்லை

பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனாலும் எங்கள் மலையூர் திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிப் போகும் லோரிகளில் நான்கு என்னுடையவை. எந்த இன்ஜினுக்கு என்ன நோய் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட காது. அதனால்தான் எஸ்டேட் கோயில் பஜனையில் கீபோர்டு வாசித்தவர் ஈப்போவுக்குக் குடிபோனதும், "நான் வாசிக்கிறேன்" என்று கூட்டத்தில் சொல்லிவிட்டேன்.

அந்த வருடக் கோயில் திருவிழாவில் என் மனைவி முதன்முறையாகத் தனியாகப் பாட இருந்தாள். கொழுந்து பறித்த காலத்திலிருந்தே பின்வரிசையில் நின்று பாடியவள். ஒரே வாரத்தில் பாட்டின் மெட்டு முழுவதையும் ஒற்றை விரலில் பிடித்துவிட்டேன். வேறு யாருக்கு வரும்? அவள் பாடப் பாடக் கூடவே வாசித்தேன். பாதியில் நிறுத்தினாள்.

"நான் பாடுறதையே நீங்களும் தொரத்திக்கிட்டு வந்தா எப்படிங்க? பின்னால நாய் வர்ற மாதிரி இருக்கு. இப்படின்னா நான் பாடலலா."

பேச்சின் கடைசியில் 'லா' போட்டுவிட்டாள் என்றால் பேச்சு முடிந்தது.

கம்போங் ராஜாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய், இளவயதில் கல்யாண வீடுகளில் கிட்டார் வாசித்தவர். கீபோர்டைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போய்ப் பாட்டை வாசித்துக் காட்டினேன். ரொட்டி மாவுக் கையோடு நின்று கேட்டார்.

"அண்ணே, உங்களுக்குக் கோர்ட் தெரியாதா?"

"கோர்ட் வாசப்படியே மிதிச்சதில்ல பாய். நாலு லோரி ஓடுது, ஒரு சம்மன் கெடையாது."

"அந்தக் கோர்ட் இல்லண்ணே. இது பாட்டுக் கோர்ட், மூணு சுரம் ஒண்ணா சேர்றது." சிரித்து முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "ஒரு வெள்ளைக் கட்டை. ஒண்ணு விட்டு அடுத்தது. இன்னொண்ணு விட்டு அடுத்தது. மூணையும் ஒண்ணா அமுக்குங்க."

அமுக்கினேன். அப்படியே என் லோரி ஹார்ன் சத்தம்.

மூன்று குழாய் வைத்த காற்று ஹார்ன் அது. ஒரு குழாய் மட்டும் ஊதினால் ஆட்டுக்குட்டி. மூன்றும் சேர்ந்தால் மலையே வழிவிடும். ஒருமுறை நடுக்குழாய் உடைந்து, சற்று நீளமான வேறொன்றை நானே மாட்டினேன். அதன்பின் லோரி அழுகிறது என்று கோலா தெர்லாவில் கேலி செய்தார்கள். இப்போது நடுவிரலை மட்டும் இடப்பக்கத்துக் கறுப்புக் கட்டைக்கு நகர்த்திப் பார்த்தேன். அதே அழுகை.

"பாய், ஓரத்து ரெண்டும் சுவரு. சிரிக்கிறதும் அழுவுறதும் நடுவுல உள்ளவன்தான்."

"எனக்கு இது வெளங்க வருசக்கணக்காச்சுண்ணே," என்றார். பாட்டில் எந்த இடத்தில் எந்தக் கோர்ட்டுக்கு மாறுவது என்று காட்டிக்கொடுத்தார். மற்றதை என் காது பார்த்துக்கொண்டது.

திருவிழாவில் மெட்டை அவளிடமே விட்டுவிட்டேன். இரண்டாம் சரணத்தில் அவளுக்கு வரி மறந்துபோயிற்று. ஒற்றை விரலாக இருந்தால் நானும் நின்றிருப்பேன். மூன்று விரலையும் எடுக்காமல் அப்படியே பிடித்திருந்தேன். அதுவும் பாட்டில் உள்ளது என்றே கூட்டம் நினைத்தது. அவள் மூச்சு வாங்கினாள், வரி வந்துவிட்டது.

பொங்கல் வாங்கப் போகும்போது சொன்னாள்: "நீங்க கைய எடுக்கலியே. அதுலதான் சாஞ்சு நின்னேன்."

மறுநாள் திரிங்காப் முழுக்க என் வாசிப்பின் பெருமையைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவள் வரி மறந்ததை மட்டும் சொல்லவில்லை.