இன்னும் வராத கேமராவில் எடுத்த கபடிப் படம்

வருஷா வருஷம் வளவனூர் பொங்கல் கபடிக்குப் படம் எடுப்பவன் நான்தான். இந்த முறை இல்லையாம். இன்று காலை டீக்கடையில் கமிட்டித் தலைவர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

"தப்பா நெனச்சிக்காதீங்க தம்பி. திண்டிவனத்து ஸ்டுடியோக்காரரு புது கேமராவுல எடுத்துத் தர்றேன்னாரு. ஸ்போர்ட்ஸுக்குன்னே செஞ்சதாம்" என்று மாடல் பெயரையும் சொன்னார்.

அந்தக் கேமரா இன்னும் வெளியாகவே இல்லை! நடுத்தர விலையில் வரப்போகிறது என்று யூடியூபில் ஆளாளுக்கு அளந்துகொண்டிருக்கிறார்கள். கம்பெனி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"வராத கேமராவுல எப்படிங்க எடுப்பாரு?"

"போட்டிக்குள்ள வந்துடும்னு சொல்லிக்கினு இருக்காரு. ஃபிளெக்ஸே வச்சிட்டாரு, அதோ பாருங்க."

பார்த்தேன். கேமராவின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே, 'எங்கள் புதிய கேமராவில் எடுத்தது' என்று ஒரு படம். மூன்று பேர் காலைப் பிடித்து இழுக்க, எட்டி நடுக்கோட்டைத் தொடுகிறான் ஒருவன்.

போன பொங்கலுக்கு நான் புழுதியில் குப்புறப் படுத்து, என் பழைய கேமராவில் எடுத்த படம்!

நான் வாயைத் திறப்பதற்குள் தலைவர் முந்திக்கொண்டார்.

"எவ்ளோ க்ளியரா இருக்குது பாருங்க. உங்க கேமராவுல இப்படி வருமா?"

வராத அந்தக் கேமராவில் நான் எடுத்த வேறு படங்கள் எங்காவது தொங்கினால், கமெண்டில் சொல்லுங்கள்.